மாமா லாட்ஜுக்குப் போகிறார்

என் அக்கா வீட்டுக்காரர் சோபா தைப்பவர். அமுங்கிப்போன இருக்கைகளைப் பிரித்து, ஸ்பிரிங்கை இழுத்துக் கட்டி, பஞ்சை மாற்றி, புதுத் துணி போர்த்தி ஆணியடித்துக் கொடுப்பார். வேலை நேரத்தில் சின்ன ஆணிகளை வாய் நிறையப் போட்டுக்கொண்டு, ஒவ்வொன்றாக நாக்கு நுனிக்குத் தள்ளி எடுத்து அடிப்பது அவர் பழக்கம். அதனால் கடைக்கு வருகிறவர்கள் என்ன கேட்டாலும் தலையைத்தான் ஆட்டுவார். இந்த வருஷம் வாடகை ஏறுமா என்றாலும் ஒரு ஆட்டு, பெண்ணுக்குப் பார்த்திருக்கும் மாப்பிள்ளை நல்லவனா என்றாலும் அதே ஆட்டு. தெருவில் அவருக்கு ஆழமான மனுஷன் என்று பெயர். நான் அவரை மாமா என்று கூப்பிடுவேன். அவர்கள் வீட்டு மாடியில்தான் குடியிருந்தேன் என்பதால் ஆழம் எவ்வளவு என்று எனக்குத் தெரியும். ஆணியை விழுங்கிவிடக் கூடாதே என்ற கவலைதான் அது.

எங்கள் தெரு போய் முட்டுகிற இடத்தில் ஒரு பழைய கட்டடம் உண்டு. முன்பக்கம் ஜன்னலே கிடையாது. கதவுக்கு மேலே மூலைமட்டமும் கவராயமும் ஒன்றன்மேல் ஒன்றாகக் கல்லில் செதுக்கியிருக்கும். மாதத்தில் ஒரு நாள் சாயங்காலம் கறுப்புக் கோட்டுப் போட்ட ஆண்கள், கையில் சப்பையான பெட்டியோடு ஒவ்வொருவராக வந்து உள்ளே போவார்கள். கதவு சாத்திக்கொள்ளும். பிறகு, நன்றாகச் சாப்பிட்ட முகத்தோடு வெளியே வருவார்கள். ஃப்ரீமேசன்கள் என்று அவர்களுக்குப் பெயர். இதற்குமேல் தெருவுக்கு ஒன்றும் தெரியாது. அதனால் எல்லாமே தெரிந்த மாதிரி பேசினார்கள்.

கட்டடத்துக்கு நேர் எதிரே சலூன். சலூன்காரர் அந்தக் கதவைப் பார்த்தபடியேதான் முடிவெட்டுவார். "அந்தப் பெட்டிக்குள்ள என்ன இருக்குன்னு நினைக்கிறீங்க?" என்பார். கத்திரி ஒரு கணம் நிற்கும். "மண்டை ஓடு. அதுலதான் குடிக்கிறாங்க." கழுத்தைச் சுற்றித் துணி கட்டி உட்கார்ந்திருப்பவர் அந்த நேரத்தில் மறுத்துப் பேசும் நிலையில் இருக்க மாட்டார். மருந்துக்கடைக்காரரின் கருத்து வேறு. விலைவாசியெல்லாம் அங்கேதான் முடிவாகிறது, சோப்பு விலை ஏறியதற்கு முந்தின வாரம்தான் அங்கே கூட்டம் நடந்தது என்பார். பேக்கரி அம்மா மட்டும் இந்தப் பேச்சிலெல்லாம் சேரவில்லை. மேசன் என்றால் கொத்தனார் என்று யாரோ சொல்லக் கேட்டு, ஒரு முறை நேராகப் போய்க் கதவைத் தட்டி, "பின்பக்கச் சுவர் உதிருது, ஒரு ஆளை அனுப்ப முடியுமா?" என்று கேட்டிருக்கிறார். கதவைத் திறந்தவர், "நாங்க அந்த மாதிரிக் கொத்தனார் இல்லைங்க" என்றாராம். "அப்ப எந்த மாதிரி?" என்று இவர் கேட்க, அவர் சிரித்தாராம். அந்தச் சிரிப்புக்குப் பிறகு பேக்கரி அம்மாவும் சலூன்காரர் கட்சியில் சேர்ந்துவிட்டார்.

சிரித்தவர் நாய் டாக்டர். எங்கள் வட்டாரத்தில் மிருகங்களுக்கு வைத்தியம் பார்ப்பவர், ஹால் என்று அவர்கள் சொல்லும் அந்தக் கட்டடத்தின் முக்கியஸ்தர். "ஆட்டுக்கும் வைத்தியம் பாக்கறவர் அங்க எதுக்குப் போறார், நீங்களே யோசிச்சுக்கோங்க" என்று சலூன்காரர் குரலைத் தாழ்த்துவார். ஹாலுக்குள் ஆடு வெட்டுகிறார்கள் என்பது அவர் கணக்கு.

ஒரு நாள் அந்த டாக்டர் மாமாவின் கடைக்கு வந்து, ஹாலில் நாற்காலி மெத்தைகள் பிய்ந்து கிடக்கின்றன, வந்து பார்க்க முடியுமா என்று கேட்டார். மாமா தலையை ஆட்டினார். வாயில் ஆணி.

அந்த வாரம் முழுக்க மாமா ஹாலில்தான் வேலை செய்தார். சாயங்காலம் திரும்பி வரும்போது தெருவே வழிமறிக்கும்.

"உள்ள என்ன இருக்கு?"

"நாற்காலி."

"வேற?"

மாமா யோசிப்பார். "நிறைய நாற்காலி."

என்னிடம் மட்டும் கொஞ்சம் விரிவாகச் சொன்னார். தரை சதுரங்கப் பலகை மாதிரி கறுப்பும் வெள்ளையுமாக இருக்கிறதாம். மேஜையில் இரண்டு கல், ஒன்று கரடுமுரடாக, இன்னொன்று வழவழவென்று. ஃபினாயில் வாசனை. ஆனால் அவரை யோசிக்க வைத்தது வேறொன்று.

"எந்த ஆபீஸுக்குப் போனாலும் மெத்தையைப் பார்த்தே சொல்லிடுவேன் மச்சான், எது பெரியவர் சீட்டு, எது மத்தவங்க சீட்டுன்னு. பெரியவர் சீட்டு நடுவுல குழியும். மத்தவங்க விளிம்புல உட்கார்றதால விளிம்புதான் தேயும். இங்க எல்லாம் ஒரே மாதிரி தேஞ்சிருக்கு. தலைவர் நாற்காலிகூட. வருஷா வருஷம் ஆளை மாத்தி உட்கார்றாங்களாம்."

இது அவர் மனசில் ஏதோ செய்திருக்க வேண்டும். கடைசி நாற்காலியை முடித்துவிட்டு டாக்டரிடம் கேட்டிருக்கிறார்.

"இதுல சேரணும்னா என்ன செய்யணும் டாக்டர்?"

"கேக்கணும்."

"யாரைக் கேக்கணும்?"

"இப்பக் கேட்டீங்களே, அதேதான். நாங்களா யாரையும் கூப்பிடறதில்லை."

அன்றைக்கு வீட்டுக்கு வந்து, சாப்பிட உட்கார்ந்தபடி மாமா தம் முடிவை அறிவித்தார். அங்கே அவர் ஒரு தவறு செய்தார். ஹாலில் பேசுகிறவர்கள் தங்கள் கிளையை லாட்ஜ் என்பார்கள், இவரும் அப்படியே சொல்லிவிட்டார்.

"இனிமே மாசத்துல ஒரு நாள் சாயங்காலம் நான் லாட்ஜுக்குப் போவேன்."

அக்கா கரண்டியைக் கீழே வைத்தாள். "எந்த லாட்ஜ்?"

"அது... ஆம்பளைங்க மட்டும் வர்ற லாட்ஜ்."

"பஸ் நிலையத்துக்குப் பின்னாடி இருக்கே, அதுவா?"

"இல்லம்மா, கௌரவமான லாட்ஜ். ஜட்ஜெல்லாம் வர்றாரு."

"ஜட்ஜுமா" என்றாள் அக்கா. மாடியில் இருந்த என்னைக் கூப்பிட்டு, "தம்பி, இவரு என்னமோ சொல்றாரு, எனக்குக் காது சரியாக் கேக்கலைன்னு நினைக்கிறேன், நீ வந்து கேளு" என்றாள். நான் இறங்கி வந்து, அது அந்த லாட்ஜ் இல்லை, இந்த லாட்ஜ் என்று விளக்கிச் சமாதானம் செய்வதற்குள் சாப்பாடு ஆறிவிட்டது.

சேருவதற்கு முன்னால் இரண்டு பேர் வீட்டுக்கு வந்து விசாரிப்பது அவர்கள் வழக்கமாம். கடவுள் ஒருவர் உண்டு என்று நம்பவேண்டும், எந்தக் கடவுள் என்று அவர்கள் கேட்பதில்லை. நடத்தை நல்லதாக இருக்கவேண்டும். வீட்டில் ஆட்சேபணை இருக்கக் கூடாது. நாய் டாக்டரும் லாரி டயர் விற்பவர் ஒருவரும் வந்தார்கள். விசாரிக்க வந்தவர்களை அக்கா விசாரித்தாள்.

"உள்ள என்னதான் பண்ணுவீங்க?"

"நாடகம் மாதிரி ஒண்ணுங்க. மனப்பாடமா பேசணும். நல்லபடியா வாழறதைப் பத்தி. அப்புறம் சாப்பாடு, அப்புறம் யாருக்காவது உதவி செய்யறதைப் பத்திப் பேச்சு. சாமி விவகாரமும் அரசியலும் உள்ள பேசக் கூடாது. பேசினா சண்டை வரும்."

"இதுக்கு எதுக்குக் கதவைச் சாத்தறீங்க?"

டாக்டர் டயர்க்காரரைப் பார்த்தார். "நாங்க நடிக்கறதை வெளியாளுங்க பாக்கற மாதிரி இருக்காதுங்க" என்றார்.

அக்காவுக்கு இந்தப் பதில் பிடித்துவிட்டது. ஆட்சேபணை இல்லை என்றாள். "பொம்பளைங்களைச் சேர்க்க மாட்டீங்களா?" என்று ஒரு கேள்வி மட்டும் போட்டுப் பார்த்தாள். பெண்களுக்கென்று தனியாக நடத்துகிற ஊர்களும் உண்டு, இங்கே இன்னும் வரவில்லை என்று டயர்க்காரர் தரையைப் பார்த்துச் சொன்னார்.

மாமாவைச் சேர்த்துக்கொண்ட நாள் எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. உள்ளே என்ன நடந்தது என்று அவர் சொல்லவில்லை. ஆனால் சேருகிறவனுக்கு ஒரு பக்கக் கால்சட்டையை முழங்கால்வரை சுருட்டி, ஒரு காலுக்கு மட்டும் செருப்பு மாட்டி நடத்திக் கூட்டிப்போவார்கள் என்பது எங்கள் எல்லாருக்கும் அன்றைக்கே தெரிந்துபோயிற்று. முடிந்த பிறகு சந்தோஷத்தில் கால்சட்டையை இறக்கிவிட மறந்து, ஒரு முழங்கால் தெரிய, காலில் ஒன்று ஷூவும் ஒன்று செருப்புமாக மனுஷன் தெரு முழுக்க நடந்து வந்தார். எதிர்ப்பட்டவர்களுக்கெல்லாம் வணக்கமும் வைத்துக்கொண்டு வந்தார். சலூன்காரர் பாதி மழித்த முகத்தை அப்படியே விட்டுவிட்டு வாசலுக்கு ஓடி வந்து பார்த்தார்.

"முட்டியில முத்திரை குத்தியிருக்காங்க" என்று அவர் சொன்னது வீட்டுக்கு மாமாவுக்கு முன்னால் வந்து சேர்ந்தது.

அதற்குப் பிறகு நடந்ததுதான் வேடிக்கை. தெருமுனை விளக்கு பல மாதமாக எரியாமல் கிடந்தது. மாமா சேர்ந்த மறுநாள் யாரோ ஏணியோடு வந்து சரிசெய்துவிட்டுப் போனார்கள். அடுத்த வாரம் மருந்துக்கடைக்காரர் மகளுக்கு பாஸ்போர்ட் சீக்கிரமாக வந்துவிட்டது. மருந்துக்கடைக்காரர் பழக்கூடையோடு கடைக்கு வந்தார்.

"நீங்க ஒரு வார்த்தை சொல்லியிருப்பீங்க. எனக்குத் தெரியும்."

வாயில் ஆணி. மாமா வேகமாக இடமும் வலமும் தலையை ஆட்டினார்.

"சொல்லக் கூடாது, புரியுது" என்றார் மருந்துக்கடைக்காரர். கூடையை வைத்துவிட்டு, கைகுலுக்கும்போது, அவர்களுடைய ரகசியக் கைகுலுக்கல் இப்படித்தான் என்று நினைத்து, வேண்டுமென்றே கட்டைவிரலால் ஒரு அழுத்து அழுத்தி, கண்ணடித்துவிட்டுப் போனார். வலித்தது என்று மாமா அப்புறம் சொன்னார்.

ஆணியைத் துப்பிவிட்டு, "எனக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்லைங்க" என்று வாய்திறந்து சொன்னாலும் பலன் இல்லை. ஒன்றும் இல்லாதவன் இவ்வளவு அழுத்திச் சொல்வானா என்றார்கள். இதில் எண்ணெய் ஊற்றியது என் அக்கா. யாராவது வந்து, "உள்ள என்னதான் பண்றாங்க, உங்ககிட்டகூடவா சொல்ல மாட்டார்?" என்று கேட்டால், இடமும் வலமும் ஒரு பார்வை பார்த்து, பெருமூச்சு விட்டு, "அதெல்லாம் என் வாயால வரக் கூடாதும்மா" என்பாள். தண்ணீர் லாரி வந்தால் வரிசையில் அக்காவுக்கு முதல் இடம் கிடைத்தது. பேக்கரியில் சூடாக வந்த ரொட்டி அவளுக்காக எடுத்து வைக்கப்பட்டிருந்தது.

"ஏன் இப்படிப் பண்றே?" என்று மாமா கேட்டார்.

"நான் என்ன பண்ணினேன்? எனக்குத் தெரியாதுங்கறதை மரியாதையாச் சொல்றேன்."

ஆனால் அவளுக்குத் தெரியத் தொடங்கியிருந்தது. ஒவ்வொரு உறுப்பினரும் ஏதாவது ஒரு பகுதியைக் காகிதம் பார்க்காமல் கூட்டத்தில் சொல்லவேண்டும். மாமாவுக்குக் கொடுத்தது கருவிகளைப் பற்றிய பேச்சு. பெரிய பெரிய கட்டடங்களைக் கட்டிய பழங்காலக் கல்தச்சர் சங்கங்களிலிருந்து தங்கள் வழக்கங்கள் வந்தன என்று இவர்கள் சொல்லிக்கொள்கிறார்கள். இப்போது யாரும் கல் உடைப்பதில்லை. தச்சரின் கருவியைக் காட்டி, மனுஷன் தன்னைத்தானே எப்படிச் செதுக்கிக்கொள்வது என்று பேசுகிறார்கள். மாமாவுக்கோ மனப்பாடம் என்றாலே வியர்த்துவிடும். வீட்டில் யார் காதிலும் விழக் கூடாது என்று குளியலறையில் தாழ் போட்டுக்கொண்டு, குழாயைத் திறந்துவிட்டு ஒப்பித்துப் பழகினார். கதவுக்கு வெளியேதான் அக்காவின் இஸ்திரி மேஜை.

"அளவுகோலில் இருபத்து நாலு அங்குலம். அது ஒரு நாளின் இருபத்து நாலு மணி நேரம். அதில் ஒரு பகுதி பிரார்த்தனைக்கு, ஒரு பகுதி உழைப்புக்கு, ஒரு பகுதி..." தண்ணீர் சத்தம். "ஒரு பகுதி... ஒரு பகுதி..."

"கஷ்டத்தில் இருக்கும் நண்பனுக்கு உதவுவதற்கு" என்றாள் அக்கா, சட்டைக் காலரைத் தேய்த்தபடி.

குழாய் நின்றது. கதவு லேசாகத் திறந்தது. சோப்பு வழியும் முகம் ஒன்று எட்டிப் பார்த்தது.

"நீ என்ன சொன்னே?"

"ஒண்ணும் சொல்லலையே."

கதவு மூடியது. குழாய் திறந்தது. கொஞ்ச நேரம் கழித்து அக்காவே கேட்டாள். "ஏங்க, பாத்திரம் கழுவறது இதுல எந்தப் பகுதியில வருது?"

மாமா அன்றைக்குச் சரியாகச் சாப்பிடவில்லை. உள்ளே நடப்பதை வெளியே விடுவதில்லை என்று சத்தியம் செய்துவிட்டு வந்தவர். மறுநாள் என்னையும் துணைக்கு அழைத்துக்கொண்டு டாக்டரின் கிளினிக்குக்குப் போனார். டாக்டர் ஒரு பூனையின் வாயைத் திறந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

"டாக்டர், தப்பு நடந்துபோச்சு. என் வீட்டுல எல்லாம் தெரிஞ்சுபோச்சு."

"எதுவரைக்கும்?"

"சுத்தியல் வரைக்கும். உளிக்கு நானே இன்னும் போகலை."

டாக்டர் பூனையை விடாமலே சிரித்தார். "எனக்குத் திருத்திக் கொடுக்கறதே என் சம்சாரம்தான். கூட்டத்துல யாராவது தட்டாம தடுமாறாம சொன்னா, வீட்டுல நல்லாச் சொல்லிக் கொடுத்திருக்காங்கன்னு அர்த்தம். ஒருத்தரை ஒருத்தர் அடையாளம் கண்டுக்கற கைகுலுக்கலும் சில வார்த்தைகளும்தான் நாம காப்பாத்தவேண்டிய ரகசியம். மத்ததெல்லாம் லைப்ரரியில புத்தகமா இருக்கு. யாரும் எடுத்துப் படிக்கறதில்லை, அது வேற விஷயம்."

அதற்கப்புறம் மாமா குளியலறையை விட்டுவிட்டு, இஸ்திரி மேஜைக்கு எதிரிலேயே நின்று ஒப்பித்தார். கூட்டத்தில் பேசிவிட்டு வந்த அன்றைக்கு அவர் முகத்தைப் பார்க்கவேண்டும்.

"ஒரு பக்கம் ஜட்ஜ், ஒரு பக்கம் காலேஜ் பிரின்ஸிபால், நடுவுல டயர்க்காரர். யாரும் குறுக்கே பேசலை மச்சான். நான் முடிக்கற வரைக்கும் கேட்டாங்க."

எனக்கு அப்போதுதான் உறைத்தது. வீட்டில் அக்கா முன்னால் அவர் ஒரு வாக்கியத்தைத் தாமே முடித்து நான் கேட்டது அபூர்வம். அக்காதான் முடித்து வைப்பாள். கடையில் ஆணி. அவர் எதற்காக அங்கே போகிறார் என்பதற்கு இதைவிடப் பெரிய காரணம் எதுவும் இருந்திருக்கும் என்று எனக்குத் தோன்றவில்லை.

அப்புறம்தான் வினை வந்தது. எங்கள் தெருவை ஒருவழிப் பாதை ஆக்கிவிட்டார்கள். சலூன் வாசலில் வண்டி நிறுத்தக் கூடாது என்று பலகை வந்தது. வெளியூரிலிருந்து வந்துகொண்டிருந்த வாடிக்கைக்காரர்கள் நின்றுபோனார்கள். மருந்துக்கடைக்கு வரவேண்டிய சரக்கு வண்டி ஊரைச் சுற்றி வந்தது.

"போன வாரம்தான் கூட்டம் நடந்தது" என்றார் சலூன்காரர். அதுவே போதுமாக இருந்தது. விளக்கை எரியவைத்த கைதான் பாதையையும் அடைத்தது என்று தெருவில் எல்லாரும் தாங்களாகவே கணக்குப் போட்டுக்கொண்டார்கள். பழக்கூடை கொடுத்த மருந்துக்கடைக்காரர் ஆளோடு வந்து, பாதி வேலையில் கிடந்த தம் சோபாவை, ஸ்பிரிங்கெல்லாம் துருத்திக்கொண்டிருக்க அப்படியே தூக்கிப்போனார். மாமாவின் கடை ஷட்டரில் யாரோ, ஃப்ரீமேசன்களின் அடையாளம் என்று, ஒரு பெரிய கண்ணை வரைந்துவிட்டுப் போயிருந்தார்கள். வரைந்தவருக்குக் கை வரவில்லை, அது மீன் மாதிரி இருந்தது. மாமா அதைச் சுரண்டி எடுக்கும்போது எதிர்ச்சாரியில் ஆட்கள் நின்று பார்த்தார்கள். யாரும் கிட்டே வரவில்லை. ரொட்டியும் பழையது வரத் தொடங்கியது.

நானும் கேட்டேன். கேட்டிருக்க வேண்டாம்தான். "மாமா, நிஜமாச் சொல்லுங்க. உள்ள யாராவது இந்தப் பாதை விஷயமா பேசினாங்களா?"

அப்போது அவர் வாயில் ஆணி இல்லை. சுரண்டுவதை நிறுத்திவிட்டு உள்ளே போய்விட்டார்.

அன்று சாயங்காலம் அக்கா படி ஏறி என்னிடம் வந்தாள். "கொஞ்சம் நானும் ஊதிவிட்டுட்டேன்டா. வேடிக்கையா இருந்துச்சு. இப்ப அவரு ராத்திரிச் சாப்பாட்டுக்கே வாயைத் திறக்க மாட்டேங்கறாரு." சொல்லிவிட்டு முந்தானையைச் செருகிக்கொண்டு நேராக டாக்டரிடம் போனாள். நான் பின்னாலேயே போனேன்.

"ஒரு ஞாயித்துக்கிழமை கதவைத் திறந்துவிடுங்க. எல்லாரும் வந்து பாக்கட்டும்."

"அம்மா, சாத்தின கதவுதான் எங்க வழக்கம்."

"சாத்திக்கோங்க, யாரு வேண்டாம்னா. ஒரு நாள் திறந்து காட்டிட்டுச் சாத்துங்க."

"பார்த்தா ஏமாந்துபோவாங்களே."

"ஏமாறட்டும். அதுக்குத்தான் கேக்கறேன்."

இப்படித் திறந்து காட்டுவது வேறு பல ஊர்களில் நடப்பதுதானாம். உள்ளே பேசி, வாக்கெடுத்து, சம்மதித்தார்கள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை தெருவே நல்ல உடுப்பு உடுத்திக்கொண்டு வந்தது. சிலர் பிள்ளைகளைப் பயத்தில் வீட்டிலேயே விட்டுவிட்டு வந்தார்கள். டாக்டர் ஒவ்வொன்றாகக் காட்டினார். கறுப்பு வெள்ளைத் தரை, வாழ்க்கையில் நல்லதும் கெட்டதும் கலந்துதான் வரும் என்பதற்கு. கரடுமுரடான கல், உள்ளே வரும்போது மனுஷன். வழவழப்பான கல், அவன் ஆகவேண்டியது. ரசமட்டம், எல்லாரும் ஒரே தரையில் நிற்கிறோம் என்பதற்கு. சப்பைப் பெட்டியை ஒருவர் திறந்து காட்டினார். மண்டை ஓட்டுக்குப் பதில் வெள்ளைத் தோலில் தைத்த ஏப்ரன் இருந்தது. தச்சர்கள் கட்டிக்கொள்வது. சலூன்காரர் குனிந்து நாற்காலிகளுக்கு அடியில் பார்த்தார். ஆட்டு மயிர் ஒன்றுகூடக் கிடைக்கவில்லை.

"இவ்வளவுதானா?" என்றார் மருந்துக்கடைக்காரர். அவர் குரலில் இருந்த துக்கத்தை நான் சாவு வீட்டில்கூடக் கேட்டதில்லை.

"இது வர்றவங்களுக்குக் காட்டறதுக்குன்னே வெச்சிருக்கற ரூம்" என்று சலூன்காரர் எல்லாருக்கும் கேட்கிற மாதிரி காதோடு சொன்னார். "அந்த மூலையில பூட்டியிருக்கே ஒரு கதவு. அதைத் திறக்கச் சொல்லுங்க."

மாமாவின் முகம் வெளுத்தது. நான் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தேன், நன்றாகப் பார்த்தேன். "அது சாமான் ரூம்ங்க. அங்க ஒண்ணும் இல்லை" என்றார். கூட்டம் அப்படியே மூலையைப் பார்த்துத் திரும்பியது. டாக்டர் சாவியை எடுத்துத் திறந்தார்.

மடக்கு மேஜைகள், தட்டு அடுக்கு, தரை துடைக்கும் வாளி. அவற்றுக்குப் பின்னால் சுவரோரமாகச் சக்கர நாற்காலிகள் வரிசையாக நின்றன. ஆஸ்பத்திரிகள் கழித்துப்போட்டதை வாங்கி, பழுது பார்த்து, நடக்க முடியாதவர்களுக்குக் கொடுப்பது அந்த லாட்ஜின் வேலைகளில் ஒன்று என்று டாக்டர் சொன்னார். இருக்கை தைத்துப் போட்டவர் மாமா. கூலி வாங்காமல் செய்தாராம். அந்த இடத்தில் நாலு பேர் தலைகுனிந்திருந்தால் கதை வேறு மாதிரி போயிருக்கும். அதற்குள் பேக்கரி அம்மா கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்து, ஒரு நாற்காலியின் முதுகைத் தடவிப் பார்த்தார்.

"இது என் சோபாத் துணி."

பச்சையில் பெரிய பெரிய மஞ்சள் பூ. தப்பவே முடியாது.

"மிச்சம் விழலைன்னு சொன்னீங்களே. அளவு சரியா இருந்துச்சுன்னு என் முகத்தைப் பார்த்துச் சொன்னீங்களே."

அதற்குள் மருந்துக்கடைக்காரர் இன்னொரு நாற்காலிக்கு முன்னால் மண்டியிட்டுக் கோடு போட்ட துணி ஒன்றைக் கண்டுபிடித்துவிட்டார். சலூன்காரருக்கும் கிடைத்தது. சலூனின் சுழல் நாற்காலிக்கு வாங்கிக் கொடுத்த சிவப்பு ரெக்ஸின், இரண்டு கைப்பிடிகளிலும் கச்சிதமாக உட்கார்ந்திருந்தது. ஆளாளுக்குத் தங்கள் தங்கள் துணியைத் தேடத் தொடங்கினார்கள். கல்யாணத்தில் காணாமல்போன செருப்பைத் தேடுகிற சத்தம் கேட்டது. யாரும் ஆட்டைப் பற்றிப் பேசவில்லை.

"திருட்டுப் பயலா இருக்கீங்களே" என்று சலூன்காரர் மாமாவைப் பார்த்துச் சொன்னார். அதில் ஒரு நிம்மதி இருந்தது. உலகத்தையே ஆட்டிவைக்கிற ரகசியக் கூட்டத்து ஆளோடு பழகுவது எப்படி என்று அவர்களுக்குத் தெரிந்திருக்கவில்லை. துணியில் மிச்சம் பிடிக்கிற தையல்காரனோடு பழக எல்லாருக்கும் தெரியும்.

"ஆமாங்க, எடுத்தேன்" என்றார் மாமா. "எல்லாரும் கொஞ்சம் அதிகமா வாங்கிட்டு வந்துடறீங்க. கேட்டா கொடுக்க மாட்டீங்கன்னு..."

"கேட்டாத்தானே தெரியும்" என்று பேக்கரி அம்மா சீறினார். பிறகு அந்த நாற்காலியை ஒரு முறை சுற்றி வந்து பார்த்தார். "என் சோபாவைவிட இதுல துணி நல்லா உட்கார்ந்திருக்கு. அங்க மூலையில சுருக்கம் விழுது. நாளைக்கு வந்து சரிபண்ணிக் கொடுங்க."

அக்கா என் தோளைப் பிடித்துக்கொண்டு சத்தமில்லாமல் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள்.

வேலை திரும்பி வந்தது. ஒரு வித்தியாசம், துணியை வாடிக்கைக்காரர்களே நின்று அளந்து கொடுத்தார்கள். வெட்டும்வரை பக்கத்திலேயே நின்றார்கள். ஒருவழிப் பாதைக்குக் காரணம் அடுத்த தெருவில் தோண்டிய சாக்கடை என்பதும், தோண்டி முடித்ததும் பலகையை எடுத்துவிட்டார்கள் என்பதும் ஒரு பேச்சாகக்கூட எடுபடவில்லை. பூட்டிய அறையில் தட்டு அடுக்குக்குப் பின்னால் இன்னொரு கதவு இருந்தது என்று ஓரிருவர் சொல்லிப் பார்த்தார்கள். யாரும் அவ்வளவாகக் காது கொடுக்கவில்லை.

மாமா இன்னும் லாட்ஜுக்குப் போகிறார். தலைவர் நாற்காலி முறைவைத்து அவருக்கு வந்தபோது, அதற்கு மனப்பாடம் அதிகம் என்று வேண்டாம் என்றுவிட்டார். வெளிக்காவலை அவராகவே கேட்டு வாங்கிக்கொண்டார். கூட்டம் நடக்கும்போது சாத்திய கதவுக்கு இந்தப் பக்கம், கையில் ஒரு வாளோடு உட்கார்ந்திருக்கும் வேலை. ஒப்பிக்கவேண்டியது மிகவும் குறைவு. காற்று வரட்டும் என்று தெருப்பக்கக் கதவைத் திறந்து வைத்திருப்பார். வாள் மடியில் குறுக்கே கிடக்கும். கடையில் ஆள் இல்லாத நேரம் பார்த்துச் சலூன்காரர் ஒரு ஸ்டூலைத் தூக்கிக்கொண்டு வந்து பக்கத்தில் போட்டு உட்காருவார்.

"உள்ள இப்ப என்ன நடக்குது?"

"எனக்கென்ன தெரியும். நான் வெளியிலதானே இருக்கேன்."

"இத்தனை வருஷமா இருக்கீங்க. உங்களுக்கே சொல்ல மாட்டாங்களா?"

இதை மாமா என்னிடம் சொல்லிவிட்டு, மாடிப்படியில் உட்கார்ந்து ஷூவைக் கழற்றினார். கடைசியில் குரலைத் தாழ்த்தி என்னைக் கேட்டார்.

"ஏன் மச்சான், நான் வெளியில உட்கார்ந்திருக்கற நேரத்துல அவங்க வேற ஏதாவது பண்றாங்களோ?"